கபில்தேவை 1983-ஐ மட்டும் வைத்து அளந்தால் போதுமா?

பாகிஸ்தானின் இம்ரான் கானின் டெஸ்ட் பந்துவீச்சு சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைவாக இருந்தால் நல்லது) 22.81, நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹேட்லியுடையது 22.29, கபில்தேவுடையது 29.64. இவ்வளவு இடைவெளி இருந்தும் கபிலை ஏன் அவர்களோடு ஒரே வரிசையில் வைக்கிறார்கள், 1983 உலகக் கோப்பை இல்லையென்றால் அவரை இவ்வளவு கொண்டாடியிருப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் ஆடியதில் ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்ப்பது என்பது உங்கள் மூன்றாவது கேள்வி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1983 ஜூன் மாதம் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்தியா கண்ட மிகப் பெரிய ஆல்ரவுண்டர் கபில்தேவ்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தக் கோப்பை அவருக்குப் பெரும் புகழைக் கொடுத்தது, ஆனால் அவர் செய்த இன்னும் பெரிய வேலையை மறைத்தும்விட்டது. பதினைந்து வருடத்துக்கும் மேலாக, நிலையான துணை இல்லாமல், இந்தியாவின் புதுப்பந்தை அவர் சுமந்தார். அந்தச் சுமை எவ்வளவு என்று தெரிந்தால்தான் 29.64 என்ற எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும்.

அவர் வருவதற்கு முன்னால் இருந்த நிலைமையிலிருந்து தொடங்குகிறேன். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம்ம வெங்கட்ராகவன் என்று சுழற்பந்து வீச்சாளர்கள் நால்வர் இருந்த காலம் அது. புதுப்பந்தின் பளபளப்பு சீக்கிரம் போனால் சரி, சுழலுக்கு வழி விட்டால் போதும் என்பதுதான் திட்டம். நாலைந்து ஓவர் யாராவது உருட்டிப் போடுவார்கள். கவாஸ்கரே பந்துவீச்சைத் தொடங்கிய ஆட்டங்கள் உண்டு. 1967-ல் எட்ஜ்பாஸ்டனில், வழக்கமாக விக்கெட் கீப்பிங் செய்யும் குந்தரன் புதுப்பந்தை வாங்கி வீசினார். ஒரு டெஸ்ட் அணியில் இது நடந்தது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அந்த நாட்டில்தான் சண்டிகரிலிருந்து ஒரு பையன் வேகப்பந்து வீசுகிறேன் என்று கிளம்பினான். கபிலே பலமுறை சொன்ன கதை ஒன்று உண்டு. பம்பாயில் இளம் வீரர்களுக்கு ஒரு முகாம். சாப்பாட்டில் இரண்டு காய்ந்த ரொட்டிதான் கொடுத்தார்கள். நான் வேகப்பந்து வீச்சாளன், எனக்கு இது போதாது என்று இவர் கேட்டிருக்கிறார். இந்தியாவில் வேகப்பந்து வீச்சாளர்களே கிடையாதே என்று அங்கிருந்த பொறுப்பாளர் சிரித்துவிட்டாராம். அது கேலியாகச் சொன்னது என்றாலும் அன்றைக்கு அதுதான் நிலவரம்.

1975 நவம்பரில் ஹரியானாவுக்காக முதல் ஆட்டம். பஞ்சாப் 63 ரன்னில் சுருண்டது, கபிலுக்கு 6 விக்கெட். வயது 16. அவரை உருவாக்கியவர் சண்டிகரில் பயிற்சி கொடுத்த தேஷ் பிரேம் ஆசாத். மூன்றே வருடத்தில், 1978 அக்டோபரில், பைசலாபாத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட். தொடக்க ஆட்டக்காரர் சாதிக் முகமது, கபிலின் பவுன்சரைப் பார்த்ததும் ஹெல்மெட் கொண்டுவரச் சொன்னார். இந்தியப் பந்துவீச்சுக்கு எதிராக ஹெல்மெட்! கபிலின் முதல் டெஸ்ட் விக்கெட்டும் அந்தச் சாதிக்தான்.

அந்த ஓட்டத்தையும் வீச்சையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கபில் ஆரம்பத்திலேயே பாய்ந்து வருபவர் இல்லை. சீரான ஓட்டமாகத் தொடங்கி, நடுவரை நெருங்கும்போது வேகம் கூடும், அப்புறம் கிரீஸில் ஒரு துள்ளல். அந்தத் துள்ளலின் உச்சியில் உடம்பு முழுக்கப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். இடது தோள் மட்டையாளரை நோக்கி நிற்கும், உயர்ந்த இடது கைக்குப் பின்னாலிருந்து தலை எட்டிப் பார்க்கும். மணிக்கட்டு பந்துக்கு நேர் பின்னால். பந்தின் தையல் ஸ்லிப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். இத்தனையும் சரியாக அமைந்தால் பந்து மிடில் ஸ்டம்ப் நோக்கி வந்து, கடைசி நேரத்தில் வெளியே வளையும். மட்டையாளர் ஆடத் தீர்மானித்த பிறகு வளைவதுதான் அதன் விஷம். அவுட்ஸ்விங்கர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால் நான் இன்றும் கபிலின் வீடியோவைத்தான் காட்டுவேன். உள்ளே வரும் பந்தைப் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டார். வேகம் குறைந்த பிறகு அவருக்குக் கைகொடுத்தது அதுதான்.

இப்போது சுமைக்கு வருகிறேன். 1979 செப்டம்பர் 4 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துத் தொடரின் கடைசி டெஸ்ட் முடிந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அடுத்த தொடர் ஆரம்பம். அங்கிருந்து 1980 பிப்ரவரிக்குள் ஆஸ்திரேலியாவோடு 6, பாகிஸ்தானோடு 6, இங்கிலாந்தோடு பொன்விழா டெஸ்ட் ஒன்று, மொத்தம் 13 டெஸ்ட். பதின்மூன்றிலும் கபில் ஆடினார். ஆஸ்திரேலியத் தொடரில் 28 விக்கெட், பாகிஸ்தான் தொடரில் 32. எல்லாம் இந்திய ஆடுகளங்களில், 20, 21 வயதில். இன்றைக்கு ஒரு இளம் வேகப்பந்து வீச்சாளரை ஆறு மாதத்தில் 13 டெஸ்ட் ஆடவிட்டால் பிசியோதெரபிஸ்ட் வேலையை ராஜினாமா செய்துவிடுவார்.

அந்தப் பாகிஸ்தான் தொடரின் சென்னை டெஸ்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1980 ஜனவரி 15, பொங்கல் சமயம். முதல் இன்னிங்ஸில் 90 ரன்னுக்கு 4 விக்கெட், பேட்டிங்கில் 84 ரன், இரண்டாவது இன்னிங்ஸில் 56 ரன்னுக்கு 7 விக்கெட். கவாஸ்கர் 166 அடித்த அதே ஆட்டம்தான். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்து, 1952-க்குப் பிறகு முதல் முறையாகப் பாகிஸ்தானிடம் ஒரு தொடரைக் கைப்பற்றியது. சுழலுக்குப் பேர்போன சேப்பாக்கத்தில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் 11 விக்கெட் எடுத்தார் என்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அடுத்த டெஸ்ட்டில், 21 வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், டெஸ்ட்டில் அவர் கணக்கில் 1000 ரன்னும் 100 விக்கெட்டும் சேர்ந்துவிட்டன. அவ்வளவு சின்ன வயதில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை.

அதற்கு அடுத்த வருடம் மெல்போர்ன். ஆஸ்திரேலியாவுக்கு வெற்றி இலக்கு 143 மட்டுமே. தொடைத் தசைப் பிடிப்பால் நான்காம் நாள் மாலை கபில் பந்தே வீசவில்லை. மறுநாள் வலிநிவாரண ஊசி போட்டுக்கொண்டு வந்து 28 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியா 83 ரன்னில் ஆல் அவுட். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது கவாஸ்கர் கோபத்தில் மைதானத்தை விட்டு வெளியேறப் பார்த்ததைத்தான் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். எனக்கு அந்தக் கடைசி நாள் ஸ்பெல்தான் நினைவுக்கு வருகிறது.

சரி, சராசரிக்கு வருவோம். இம்ரான் 88 டெஸ்ட், ஹேட்லி 86, இங்கிலாந்தின் ஆல்ரவுண்டர் இயன் போத்தம் 102, கபில் 131. வீசிய பந்துகளை எண்ணினால் இம்ரான் 19,458, போத்தம் 21,815, ஹேட்லி 21,918, கபில் 27,740. ஹேட்லியைவிடச் சுமார் 5,800 பந்துகள் அதிகம். இம்ரானுக்குக் கால் எலும்பில் விரிசல் வந்தபோது நீண்ட காலம் பந்து வீசாமல் இருந்தார், 1983 உலகக் கோப்பையிலேயே அவர் வெறும் மட்டையாளர்தான். போத்தம் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கபிலோ காயம் என்று சொல்லி ஒரு டெஸ்ட்டைக்கூடத் தவறவிட்டதில்லை. இம்ரானுக்குப் பக்கத்தில் சர்ஃப்ராஸும் பிறகு வாசிமும் இருந்தார்கள். கபிலுக்கு எதிர்முனையில் கர்சன் காவ்ரி, மதன்லால், ரோஜர் பின்னி, சேத்தன் சர்மா, மனோஜ் பிரபாகர் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தது. நல்ல வீரர்கள்தான், ஆனால் மட்டையாளரை மறுமுனைக்கு ஓடவைக்கும் பயத்தை அவர்களால் உண்டாக்க முடியவில்லை. கபிலைக் கவனமாக ஆடிக் கழித்துவிட்டு மறுமுனையில் ரன் எடுத்துக்கொள்ளலாம் என்பது எதிரணிகளுக்கு நன்றாகத் தெரியும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படும் எண் வேறு. இந்திய மண்ணில் மட்டும் அவர் எடுத்தது 219 விக்கெட், சராசரி 26.49. வெளிநாட்டைவிட உள்நாட்டில் சராசரி நன்றாக இருக்கிறது! வேகப்பந்துக்கு உதவாத ஆடுகளம் என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில்தான் அவர் அதிகம் சாதித்தார். இம்ரானும் ஹேட்லியும் பந்துவீச்சாளர்களாக அவரைவிடக் கூர்மையானவர்கள் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 5248 ரன்னும் 434 விக்கெட்டும் சேர்ந்த ஒரு டெஸ்ட் வாழ்க்கை அவர் ஒருவருக்குத்தான். 400 விக்கெட் தாண்டிய வேறு யாரும் 4000 ரன்னைக்கூடத் தொடவில்லை.

பேட்டிங் சராசரி 31.05, சதம் 8. அவர் ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு இது ஆதங்கமான எண். இன்னும் 10 ரன் கூடியிருக்க வேண்டிய திறமை. ஆனால் பொறுத்து ஆடு என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. இடது காலைத் தூக்கி, ஒற்றைக் காலில் சுழன்று லெக் பக்கம் அடிப்பாரே, அதற்கு நடராஜ் ஷாட் என்றே பெயர் வந்துவிட்டது. தில்லையில் தூக்கிய திருவடியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் விளக்கம் இல்லாமலே புரியும். இன்னொரு அதிசயம், 184 டெஸ்ட் இன்னிங்ஸில் அவர் ஒருமுறைகூட ரன் அவுட் ஆனதில்லை.

1983 பற்றி உங்களுக்கு நிறையத் தெரிந்திருக்கும், எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ், ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 9 ரன்னுக்கு 4 விக்கெட்டை இழந்தது, பிறகு 17-க்கு 5, 78-க்கு 7. அங்கிருந்து கபில் 138 பந்தில் 175 நாட் அவுட். பிரிக்கப்படாத ஒன்பதாவது விக்கெட்டுக்கு கிர்மானியோடு 126 ரன், அதில் கிர்மானியுடையது 24. இந்தியா 266, ஜிம்பாப்வே 235. ஒருநாள் கிரிக்கெட்டில் ஒரு இந்தியரின் முதல் சதமும் அன்றைய உலக சாதனை ரன்னும் ஒரே இன்னிங்ஸில் வந்தன. பிபிசி ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் அந்த ஆட்டம் படமாகவே இல்லை. ஒரு வாரம் கழித்து லார்ட்ஸில் வெஸ்ட் இண்டீஸோடு இறுதிப்போட்டி. நம்ம ஸ்ரீகாந்தின் 38-தான் இரு அணியிலும் அதிகபட்ச ரன். 183-ஐக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில், மதன்லால் பந்தை ரிச்சர்ட்ஸ் தூக்கி அடிக்க, கபில் பின்னோக்கி ஓடி, தோளுக்கு மேலாகப் பந்தைப் பார்த்தபடியே பிடித்தார். அந்தத் தொடரில் 303 ரன், 12 விக்கெட், 7 கேட்ச்.

கோப்பை ஜெயித்து ஐந்து மாதம் கூட ஆகவில்லை, அதே வெஸ்ட் இண்டீஸ் இந்தியாவுக்கு வந்தது. அகமதாபாத் டெஸ்ட்டில் இரண்டாவது இன்னிங்ஸில் கபில் 83 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தார். கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ், ரிச்சர்ட்ஸ், லாயிட் இருந்த அணியின் ஒன்பது விக்கெட்டுகள்! இந்தியாவுக்கு இலக்கு 242. நாம் 103 ரன்னில் சுருண்டோம். 1983 என்றால் எல்லோருக்கும் ஜூன் ஞாபகம் வரும், எனக்கு நவம்பரும் சேர்ந்தே வரும். அவர் வாழ்க்கை முழுவதும் எப்படிப் போனது என்பதற்கு அந்த ஆட்டமே சாட்சி.

அந்தத் தொடருக்குப் பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை. பழைய வேகம் திரும்பவில்லை. 1984 டிசம்பரில் டெல்லி டெஸ்ட்டில் பொறுப்பில்லாமல் அடித்து அவுட் ஆனார் என்று அடுத்த கல்கத்தா டெஸ்ட்டிலிருந்து நீக்கினார்கள். 1978 முதல் 1994 வரை அவர் ஆடாத ஒரே டெஸ்ட் அதுதான்.

சென்னைக்காரனாகச் சொல்கிறேன், கபிலின் நல்லதும் கெட்டதும் சேப்பாக்கத்தில் நிறையவே நடந்திருக்கின்றன. 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியா 574 குவித்த பிறகு, அவர் 119 அடித்துத்தான் ஃபாலோ ஆன் (முதல் இன்னிங்ஸில் 200 ரன்னோ அதற்கு மேலோ பின்தங்கிய அணியை உடனே மறுபடி பேட் செய்யச் சொல்வது) தவிர்ந்தது. இல்லையென்றால் அந்த ஆட்டம் இரு அணியின் ரன்னும் சரிசமமாக முடிந்த, வரலாற்றின் இரண்டாவது டை டெஸ்ட் ஆகியிருக்காது. அடுத்த வருடம், 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பையில் அதே ஆஸ்திரேலியா. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து எல்லைக்கோட்டில் விழுந்தது, நடுவர் நான்கு ரன் கொடுத்தார். அது சிக்ஸர் என்று இடைவேளையில் ஆஸ்திரேலியர்கள் முறையிட்டார்கள். கபில் சம்மதித்தார், 268 என்பது 270 ஆனது. இந்தியா 269. ஒரே ஒரு ரன்னில் தோல்வி. அன்றைக்குத் திட்டியவர்கள் அதிகம். எனக்கு இன்றுவரை அவர் செய்தது சரி என்றுதான் படுகிறது.

1988 பொங்கல் டெஸ்ட்டுக்கு மாமா என்னைக் கூட்டிப்போனார். வாலாஜா சாலைப் பக்கம் சிமென்ட் படியில் இடம். ஹிர்வானி 16 விக்கெட் எடுத்த ஆட்டம் என்று எல்லோரும் அதைச் சொல்வார்கள். முதல் நாளிலிருந்தே திரும்பிய அந்த ஆடுகளத்தில், வால்ஷ் மாதிரி ஆட்கள் வீசும்போது, கபில் 109 அடித்தார். எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது மட்டையின் பின்வீச்சு. பந்து வருவதற்குள் மட்டை தோளுக்கு மேலே போயிருக்கும். அடித்த சத்தம் எங்களுக்கு ஒரு நொடி தாமதமாகக் கேட்கும், அதற்குள் பந்து விளம்பரப் பலகையில் மோதியிருக்கும். மாமா ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றுவிடுவார், பின்னாலிருப்பவர் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைப்பார்.

கேப்டனாக 34 டெஸ்ட்டில் 4 வெற்றி மட்டுமே. அது நல்ல கணக்கு இல்லை. ஆனால் அதில் 1986-ல் லார்ட்ஸில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி இருக்கிறது, இங்கிலாந்தில் 2-0 தொடர் வெற்றி இருக்கிறது. லார்ட்ஸில் வெற்றி ரன் கபிலின் சிக்ஸரில் வந்தது.

கடைசிக் காலத்தை மழுப்பாமல் சொல்ல வேண்டும். 1991-92 ஆஸ்திரேலியத் தொடரில் 25 விக்கெட், 1992 டிசம்பரில் போர்ட் எலிசபெத்தில் ஆலன் டொனால்டுக்கு எதிராக 31-க்கு 6 என்ற நிலையிலிருந்து 129 ரன். அதுவரை அவர் அணிக்குத் தேவையானவர்தான். அதற்குப் பிறகு ஹேட்லியின் அன்றைய உலக சாதனையான 431 டெஸ்ட் விக்கெட்டைத் தாண்டுவதற்காக ஓடிய ஓட்டம் நீண்டுவிட்டது. 1994 பிப்ரவரி 8 அன்று அகமதாபாத்தில் திலகரத்னேயை வீழ்த்தி 432-ஐத் தொட்டார், மைதானத்தில் 432 பலூன்கள் பறந்தன. அந்தக் காலத்தில் ஜவகல் ஸ்ரீநாத் என்ற நிஜமான வேகப்பந்து வீச்சாளர் வெளியே உட்கார்ந்திருந்தார். 1991-லேயே டெஸ்ட் ஆடத் தொடங்கியவர், உள்நாட்டில் முதல் டெஸ்ட் ஆடியது கபில் ஓய்வுபெற்ற பிறகு, 1994 நவம்பரில். இது கபிலை நேசிக்கிற எனக்கும் உறுத்துகிற விஷயம். கபிலைப் பார்த்து வேகப்பந்து வீச வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஸ்ரீநாத் என்பதால் இன்னும் கூடுதலாக உறுத்துகிறது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. 175-ஐப் பார்க்க வழியில்லை. அதனால் 1990 ஜூலை, லார்ட்ஸ் டெஸ்ட்டைத் தேடிப் பாருங்கள். கிரஹாம் கூச் 333 அடித்த ஆட்டம். இங்கிலாந்து 653. இந்தியா 430-க்கு 9 விக்கெட். ஃபாலோ ஆன் தவிர்க்க இன்னும் 24 ரன் வேண்டும். மறுமுனையில் ஹிர்வானி, அவருக்கு மட்டை பிடிப்பதே பெரும்பாடு. எட்டி ஹெம்மிங்ஸ் ஓவர். முதல் இரண்டு பந்தைக் கபில் அமைதியாகத் தடுத்தார். மூன்றாவது பந்து நேராக சிக்ஸர். நான்காவதும் அதே திசையில். ஐந்தாவதும். ஆறாவது பந்துக்கு ஹெம்மிங்ஸ் வரும்போது எல்லோருக்கும் கணக்கு தெரியும், இன்னும் 6 ரன் வேண்டும். அதுவும் அதே இடத்துக்குப் போனது. நான்கு பந்தில் 24. அடுத்த ஓவரின் முதல் பந்தில் ஃப்ரேசர் ஹிர்வானியை எல்பிடபிள்யூ ஆக்கினார். கபில் 77 நாட் அவுட்.